வைவாவுக்கு டா லூவை எடுத்தவர்களுக்கு: காற்றுக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள்

பி.பி.எட் (உடற்கல்விப் பட்டம்) ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வீரர் ஆய்வுக்கு நான் எடுத்தது ஐவரி கோஸ்ட்டின் குறுந்தூர ஓட்டக்காரர் மரீ-ஜோசே டா லூ. "ஒலிம்பிக் பதக்கமே இல்லாதவரைப் பற்றி என்ன பேசுவாய்?" என்று சீனியர்கள் பயமுறுத்தினார்கள். அந்த வைவாதான் என்னைக் கரையேற்றியது.

பிறப்பு, படிப்பு எல்லாம் ஒரே பத்தியில் முடியுங்கள். உழைப்பை முழுக்க ரிசல்ட் அட்டவணையில் போடுங்கள். ஹீட்ஸ் (முதல் சுற்று), அரையிறுதி, இறுதி தனித்தனி வரி. ஒவ்வொன்றிலும் நேரம், இடம், கூடவே காற்று. என்னிடம் கேட்ட முதல் கேள்வியே காற்றுதான்.

டோக்கியோ ஒலிம்பிக் 100 மீட்டர் ஹீட்ஸில் 10.78 விநாடி, அன்றைய ஆப்பிரிக்க சாதனைக்குச் சமம். மறுநாள் இறுதியில் 10.91, நான்காம் இடம். பதறிவிட்டார் என்று எழுதத்தான் கை போகும். ஆனால் ஹீட்ஸில் பின்காற்று விநாடிக்கு 1.6 மீட்டர், இறுதியில் எதிர்காற்று 0.6. நேரம் கூடியதில் ஒரு பங்கு காற்றுக்குப் போய்விட்டது. அதே எதிர்காற்றில் தங்கம் வென்ற ஜமைக்காவின் தாம்சன்-ஹெரா 10.61 ஓடினார், அதையும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சாக்குப்போக்கு மாதிரி ஆகிவிடும்.

விரல் நுனியில் இருக்க வேண்டியவை:

- ரியோ ஒலிம்பிக் 2016: 100 மீட்டரில் 10.86, நான்காவது. வெண்கலம் வென்ற ஃப்ரேசர்-ப்ரைஸுக்கும் அதே 10.86, ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் பதக்கம் போனது. 200-லும் நான்காவது.
- லண்டன் உலக சாம்பியன்ஷிப் 2017: இரண்டு வெள்ளி. 100-ல் 10.86, 200-ல் 22.08.
- பர்மிங்காம் உலக உள்ளரங்க சாம்பியன்ஷிப் 2018: 60 மீட்டரில் வெள்ளி. தங்கம் அதே நாட்டு முரியேல் அஹூரேவுக்கு.
- தோஹா உலக சாம்பியன்ஷிப் 2019: 100-ல் வெண்கலம்.
- மொனாக்கோ 2022: 100-ல் 10.72, புதிய ஆப்பிரிக்க சாதனை.
- புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் 2023: 100-ல் 10.81, மறுபடி நான்காவது.

லண்டன் 100 மீட்டரை மட்டும் வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கடைசி சில அடிவரை டா லூதான் முன்னால். தங்கம் வென்ற அமெரிக்காவின் டோரி போவி உடம்பை முன்னால் எறிந்து கோட்டைத் தொட்டுத் தடத்திலேயே விழுகிறார்: 10.85. மார்பை எப்போது சாய்ப்பது என்று கேட்டால் இதற்கு மேல் உதாரணம் கிடையாது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், பதக்கங்களை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நூறில் சில பங்குகளில் நாலாவது வந்தவரின் முழு ஓட்டமும் அந்த ஹீட்ஸ் நேரங்களில்தான் இருக்கிறது.

பாரிஸ் ஒலிம்பிக் 2024-இன் 100 மீட்டர் இறுதியில் ஓடிய 13.84-ஐப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். வயதாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். நடு ஓட்டத்தில் காயம், அப்படியும் கோடுவரை வந்து எட்டாவதாக முடித்தார், அப்படியே சொல்லுங்கள்.