கருகிய டிரைவர்

கம்பத்திலிருந்து இறக்கிய எல்இடி தெருவிளக்கு இன்று காலை ரோட்டோரம் கிடந்தது. மூடியைத் திறந்தால் எல்இடி சிப் அத்தனையும் பளிச்சென்று நன்றாக இருக்கின்றன. சிப்புகளுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் போர்டில் மட்டும் விரல் நுனி அளவு கரி.

இடி மின்னலில் வந்த மின்னழுத்த ஏற்றம். விளக்கு வாங்கும் டெண்டரில் 10 கேவி (10,000 வோல்ட்) சர்ஜ் பாதுகாப்பு, அதாவது இந்த ஏற்றத்தைத் தாங்கும் பாதுகாப்பு, கேட்டிருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். கேட்காததால் மொத்த விளக்கும் குப்பை.

நம் ஊராட்சி டெண்டர்களில் பெரும்பாலும் வாட்ஸும் விலையும்தான். ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று கேட்பதே இல்லை.

2000 லூமன் வெளிச்சத்துக்கு மட்டமான விளக்கு 25 வாட் இழுக்கும். நல்லது 16 வாட். இரவு 11 மணி நேரம் எரிந்தால் விளக்குக்கு ஆண்டுக்கு 36 யூனிட் வித்தியாசம். 300 விளக்கு இருந்தால் 10,800 யூனிட்! அந்த பில்லும் நம் வரிப்பணம்தானே?

குறைந்த விலை சொல்பவருக்கே டெண்டரைக் கொடுக்கட்டும். ஆனால் விளக்கு விலையோடு ஐந்தாண்டு மின்கட்டணத்தையும் கூட்டி எது குறைவு என்று பாருங்கள். கணக்கிடும் முறையை டெண்டர் ஆவணத்திலேயே எழுத வேண்டும். விலைப்புள்ளி பிரித்தபின் சேர்த்தால் செல்லாது.

டிரைவரைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி கேளுங்கள். கம்பத்திலிருந்து கழற்றும் பழைய டியூப்லைட்டுகளை விளக்கு விற்பவரே எடுத்துக்கொள்ளும் பொறுப்பையும் டெண்டரில் சேருங்கள், அதில் பாதரசம் இருக்கிறது.