பதினோராவது உதை

பதினோராவது உதையில் சேத்தக் உயிர் பிடித்தது.

அப்பாவின் 1987 பஜாஜ் ஸ்கூட்டர். இரண்டு வருடமாகத் திண்ணை ஓரம் சும்மா நின்றது. போன வாரம் மெக்கானிக் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிளக்கும் மாற்றிக் கொடுத்தார். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ டி ஆயில். பெட்ரோலோடு கலந்து போகும் அந்த எண்ணெய்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது.

இன்று காலை முதல்முறையாகத் தனியாக முயன்றேன். பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக்கை இழுத்து, நியூட்ரல் பார்த்து உதைத்தேன். பத்து உதையில் சட்டை நனைந்துவிட்டது.

அம்மா வாசலுக்கு வந்தார். "ஒரு பக்கமா சாய்ச்சுப் பாருப்பா. உங்கப்பா அப்படித்தான் செய்வார்."

சாய்த்து நிமிர்த்தினேன். அப்புறம் கிக்கரை மெதுவாக அழுத்தி, காலுக்குக் கனம் தட்டும் இடத்திலிருந்து ஒரே மிதி.

நீலப் புகை!

உடனே கிளம்பக் கூடாது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால்தான் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக். சூடான பிறகும் அதை இழுத்தபடியே விட்டால் பிளக்கில் கரி பிடிக்கும்.

எப்போது உள்ளே தள்ளுவது? கடிகாரம் சொல்லாது. திக்கித் திணறும் சத்தம் மெல்லச் சீராகும். அந்த இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும். இன்று பிடித்தேன்.

பட்டன் வண்டி ஓட்டிய இத்தனை வருடத்தில் ஒரு இன்ஜினை இப்படிக் கேட்டதே இல்லை. அப்பா தினமும் கேட்டிருக்கிறார். பள்ளி நாட்களில் நான் கண் விழித்ததே இந்தச் சத்தத்தில்தான்.

புகை கலையும்வரை அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.