அம்மாவோட செக்ரோல் நம்பரும் என்னோட கம்ப்யூட்டர் பாடமும்

நேத்து ராத்திரி 11.40க்கு கடைசி அசைன்மென்ட்ட அப்லோட் பண்ணிட்டேன். 12 மணிக்குள்ள போடணும், வெளிய மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு, லைன் போயிருமோன்னு பயந்து போன் ஹாட்ஸ்பாட்டையும் பக்கத்துல ரெடியா வச்சிருந்தேன். அப்லோட் ஆயிருச்சுன்னு பச்சை எழுத்துல வந்தப்போதான் மூச்சே வந்துச்சு. 14 வாரம், கம்ப்யூட்டர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் அறிமுகப் பாடம், முழுக்க ஆன்லைன்ல, மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல என் வீட்டு சாப்பாட்டு மேசையில உக்காந்தே படிச்சு முடிச்சிட்டேன்.

ரெண்டு மூணு பேரு எப்படிக்கா இந்த வயசுலன்னு கேட்டாங்க, அதான் எழுதுறேன். நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில வேபிரிட்ஜ்ல, அதான் லோரி எடை போடுற எடத்துல, வேலை செய்யிறேன், லோரி உள்ள வந்தா நிறுத்து, குலைய இறக்கிட்டு வெளிய போறப்போ திரும்ப நிறுத்து, சீட்டு அடிச்சுக் குடுக்குறது. எஸ்பிஎம், அதான் அஞ்சாம் படிவப் பரீட்சை, முடிச்சதோட படிப்ப விட்டவ. 2020 மார்ச் 18 கோவிட்டுக்காக எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) ஆரம்பிச்சு பிள்ளைங்க எல்லாம் வீட்ல இருந்து படிச்சாங்க பாருங்க, அப்போ மகனுக்கு கூகுள் மீட் தொறந்து குடுத்து, ஹோம்வொர்க்க படம் புடிச்சு அனுப்பி அனுப்பி, இத நானும் படிக்கலாமேன்னு மனசுல விழுந்துச்சு. விழுந்தது விழுந்தபடியே சில வருஷம் கிடந்துச்சு. அப்புறம் ஆலையில ஒரு தம்பி சொன்னாரு, எஸ்பிஎம் ரிசல்ட் பத்தலனாலும் வேலை அனுபவத்த வச்சு மதிப்பீடு பண்ணி காலேஜ்ல சேத்துக்குவாங்க, ஏபெல்னு பேரு, விசாரிச்சுப் பாருங்கக்கான்னு. படிப்புத் தகுதிய அங்கீகரிக்கிற அரசாங்க அமைப்பு எம்கியூஏ கொண்டுவந்த வழி அது, வேலை செஞ்சுக்கிட்டே இருக்குற நம்ம ஆளுங்க நெறைய பேருக்கு இன்னும் தெரியல, தயவு செஞ்சு விசாரிங்க.

கம்ப்யூட்டர் பாடம்னதும் முதல் நாளே ஸ்க்ரூ கழட்டி உள்ள இருக்குறதக் காட்டுவாங்கன்னு நெனச்சிருந்தேன். முதல் வாரம் மேடம் போட்ட முதல் ஸ்லைட்ல அஞ்சு வார்த்தைதான் இருந்துச்சு. ஹார்ட்வேர், சாஃப்ட்வேர், டேட்டா, ஆளுங்க, செய்முறை. இந்த அஞ்சும் சேந்ததுதான் இன்ஃபர்மேஷன் சிஸ்டம், மெஷின் மட்டும் இல்லன்னு சொன்னாங்க. பழைய காலத்துல கம்ப்யூட்டரே இல்லாமலும் இது இருந்திருக்கு, உங்க ஊர்ல ஒண்ணு யோசிச்சு எழுதுங்கன்னு 300 வார்த்தையில ஒரு கட்டுரை கேட்டாங்க.

எனக்கு ஒரு நொடி கூட ஆகல. தோட்டத்து ரப்பர் பால் ஸ்டோர்தான் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு.

எங்கம்மா பால்மரம் வெட்டுனவங்க, அதாவது ரப்பர் மரப்பட்டைய சீவிப் பால் எடுக்குற வேலை. பள்ளிக்கூடம் லீவுன்னா நானும் பின்னாடியே போவேன். விடியறதுக்கு முன்னாடி பெரட்டு (ஆளுங்கள நிக்க வச்சு கணக்கெடுக்குறது), மேஸ்திரி மாதிரி இருக்குற மண்டோர் பேரு கூப்பிடுவாரு, கணக்கெழுதுற கிராணி செக்ரோல்ல, அதான் ஆளுங்க வேலைப் பதிவேட்டுல, குறிப்பாரு, அப்புறம் காட்டுக்கு, அதாவது ரப்பர் மரம் நிக்கிற பகுதிக்குப் போயி, பத்து பதினோரு மணிக்கு மேல பால் எடுத்து, காண்டாக் கம்புல ரெண்டு பக்கமும் வாளி தொங்க ஸ்டோருக்கு வந்து வரிசையில நிப்பாங்க. அம்மாவோட தோள்ல கம்பு பதிஞ்ச எடம் கருத்துப் போயி தடிப்பா இருக்கும், இப்பவும் இருக்கு. கிராணி வாளிய நிறுத்துட்டு, கொஞ்சம் பால எடுத்து அதுல மெட்ரோலாக்க விடுவாரு. கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும், அது எவ்வளவு முங்குது எவ்வளவு மெதக்குதுன்னு பாத்து பால்ல எத்தன பங்கு ரப்பர்னு சொல்லிருவாரு. 20 கிலோ பால், அதுல 30 சதவீதம்னா 6 கிலோ காஞ்ச ரப்பர், அந்த 6தான் அம்மா பேருக்கு நேரா ஏறும். மழை பேஞ்சு கிண்ணத்துல தண்ணி விழுந்தா அளவு எறங்கிரும், அன்னிக்கு பொம்பளைங்க கிராணிகிட்ட, நல்லா பாத்து எழுதுங்கையான்னு சத்தம் போடுவாங்க.

உள்ள வர்றது பால், நடுவுல கணக்கு, வெளிய வர்றது சம்பளம், தப்புன்னா திரும்பக் கேக்குற குரல். இன்புட், ப்ராசஸ், அவுட்புட், ஃபீட்பேக்னு பாடத்துல படம் போட்டுக் காட்டுறாங்களே, அத நான் ஒம்போது வயசுல ரப்பர் பால் வாடையோட பாத்திருக்கேன். அதையே எழுதி அனுப்புனேன், மேடம் மலாய்க்காரவங்க, மெட்ரோலாக்னா என்னன்னு தனியா மெசேஜ் போட்டுக் கேட்டாங்க.

ரெண்டாவது வாரம் டேட்டாவுக்கும் இன்ஃபர்மேஷனுக்கும் என்ன வித்தியாசம்னு வந்துச்சு. இது என் வேலையிலயே இருக்கு. லோரி உள்ள வரும்போது 14,260 கிலோ, வெளிய போகும்போது 6,380, கழிச்சா குலை 7,880. அந்த 7,880 தனியா நின்னா வெறும் டேட்டா. எந்த தோட்டம், எந்த லோரி, என்னிக்கு, எத்தன மணிக்குன்னு சேந்தாத்தான் அது ஒருத்தருக்கு சேதி. குலை வெட்டி 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்கு வந்தாத்தான் எண்ணெய் நல்லா இருக்கும், நேரம் ஆக ஆக புளிப்பு ஏறிரும், அதனால வெட்டுன நேரத்தக் குறிக்காம எடைய மட்டும் குறிச்சா அந்த சீட்டால பாதி பிரயோஜனம்தான். இத்தன வருஷமா அந்த நேரக் கட்டத்த நான் ஒரு சடங்கு மாதிரி நெரப்பிக்கிட்டு இருந்தேன், இப்போ டிரைவர் தம்பிகிட்ட கேட்டு சரியா போடுறேன்.

பைனரி வாரம் கஷ்டமா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். மூணு நாள் ராத்திரி நோட்டுல 1, 2, 4, 8, 16ன்னு எழுதி எழுதிப் பாத்தேன். புரிஞ்சது எப்படின்னா, எக்ஸெல்ல கடைசி வரி எத்தனன்னு பாக்கச் சொன்னாங்க, 1,048,576. ஏன் இப்படி ஒரு நம்பர், பத்து லட்சம்னு ரவுண்டா வச்சிருக்கக் கூடாதான்னு தோணுச்சு. அது ரெண்ட இருவது தடவ பெருக்குனா வர்ற நம்பர். எட்டு பிட் ஒரு பைட், ஒரு பைட்ல 0லேந்து 255 வரைக்கும் வைக்கலாம்னு அதுக்கப்புறம் தானா ஏறிக்கிச்சு.

இதுலயே தமிழ் பத்தி ஒண்ணு. எழுத்தெல்லாம் உள்ள நம்பராத்தான் இருக்குன்னு சொன்னதும் நம்ம எழுத்து என்ன நம்பர்னு தேடிப் போனேன். எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற யூனிகோட்ல அ-வுக்கு 2949. அம்மான்னு நாம எழுதுறது கண்ணுக்கு மூணு எழுத்து, கம்ப்யூட்டருக்கு அஞ்சு: அ, ம, புள்ளி, திரும்ப ம, கால். அந்த நம்பர பைட்டா மாத்தி வைக்கிற யூடிஎஃப்-8 முறையில ஒவ்வொண்ணும் மூணு பைட், ஆக அம்மா 15 பைட். அந்த நம்பர் எல்லாம் ஒரே மாதிரி எல்லா மெஷின்லயும் இருக்குறதாலதான் நான் இங்க தட்டுறது உங்க போன்ல கட்டம் கட்டமா வராம தமிழாவே வருது. முன்ன ஒருத்தர் அனுப்புன ஃபைல இன்னொருத்தர் தொறக்கணும்னா அதே எழுத்துரு இருக்கணும், ஞாபகம் இருக்கா? நம்ம நாட்டுல முத்து நெடுமாறன் 1985லயே முரசுங்கிற மென்பொருள செஞ்சு கம்ப்யூட்டர்ல தமிழக் கொண்டுவந்தாருன்னு எனக்கு ரொம்ப பெருமை, கிளாஸ் டிஸ்கஷன்ல அதையும் எழுதுனேன்.

ஆனா என்னப் புடிச்சு உலுக்குனது ஏழாவது வாரம், டேட்டாபேஸ்.

ஐபிஎம்ல இருந்த எட்கர் காட், 1970ல எழுதுன கட்டுரையிலேந்து வந்ததாம் இந்த ரிலேஷனல் முறை. எல்லாத்தையும் டேபிளா வை, ஒவ்வொரு வரியையும் இன்னொண்ணோட கொழப்பிக்காம அடையாளம் காட்ட ஒரு கீ வை, ஒரே சேதிய ரெண்டு எடத்துல எழுதாத. கேக்க சின்ன விஷயம் மாதிரிதான் இருக்கு. எங்க தோட்டத்துல மூணு முனியம்மா இருந்தாங்க, அதனாலதான் செக்ரோல்ல ஆளுக்கு ஒரு நம்பர். பேரு கீ ஆகாதுன்னு கிராணிக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, அவருக்கே தெரிஞ்சிருக்கு. மேடம் கேட்டாங்க, நாட்டு மக்கள் எல்லாருக்கும் டேபிள் போட்டா கீ எது? எல்லாரும் ஐசி (அடையாளக் கார்டு) நம்பர்னு தட்டுனோம். சரிதான், ஆனா அந்த 12 நம்பர நல்லா பாருங்கன்னாங்க. முதல் ஆறு பொறந்த தேதி, அடுத்த ரெண்டு பொறந்த மாநிலம், பேராக்னா 08, கடைசி நம்பர் ஒத்தப்படைன்னா ஆம்பள, ரெட்டப்படைன்னா பொம்பள. ஒருத்தர் நம்பர சும்மா பாத்தாலே இவ்வளவு தெரியிது, அதனால கண்ட எடத்துல போட்டு வைக்காதீங்கன்னு, 2010ல வந்த தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனாங்க. ஆலை கேட்ல டிரைவருங்க ஐசி நம்பர் எழுதுற புத்தகம் மேசை மேல தொறந்தபடி கிடக்கும். மறுநாளே மேனேஜர்கிட்ட பேசி அத டிராயருக்குள்ள வைக்கச் சொல்லிட்டேன்.

ஒரே சேதிய ரெண்டு எடத்துல எழுதாதன்னு சொன்னாங்களே, அதுல எனக்கு ஒரு பழைய காயம் இருக்கு. அம்மா பேரு மாரியாயி. பொறப்புப் பத்திரத்துல ஒரு மாதிரி, ஐசியில மரியாய்னு, தோட்டத்து பழைய தாளுல மரியான்னு மட்டும். ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொருத்தர் காதுல விழுந்தபடி எழுதிட்டாங்க, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, சரியா இருக்கான்னு யாரும் கேக்கவும் இல்ல. அவங்களுக்குச் சேர வேண்டிய ஒரு தொகைக்காக ஒரு ஆபீஸுக்கு நாலு தடவ அலைஞ்சோம். கவுண்டர்ல இருந்த பொண்ணு மூணு தாளையும் மேசையில வரிசையா வச்சு, இது மூணும் ஒரே ஆளுன்னு நான் எப்படி நம்புறதுன்னு கேட்டுச்சு. அம்மா பேசாம ரெண்டு கையையும் விரிச்சு மேசை மேல வச்சாங்க, பால் வெட்டுக் கத்தி புடிச்சுக் காச்சுப் போன கை. கடைசில சத்தியப் பிரமாணக் கடுதாசி எழுதி முத்திரை குத்திக் குடுத்த பிறகுதான் ஆச்சு. அன்னிக்கு நான் அந்தப் பொண்ணு மேல கோவப்பட்டேன். பாடத்துல டேட்டா இன்கன்சிஸ்டன்சின்னு ஒரு வார்த்தையப் பாத்தப்போ, தப்பு அந்தப் பொண்ணுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி, பேரக் கேட்டு எழுதுன கையிலயே ஆரம்பிச்சிருக்குன்னு வெளங்கிச்சு. எங்கள மாதிரி தோட்டத்துக் குடும்பத்துல இப்படிப் பேரு மாறிப் போன கதை வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். அதனாலதான் சொல்றேன், டேட்டா என்ட்ரி சின்ன வேலைன்னு யாராச்சும் சொன்னா என்னால ஒத்துக்க முடியாது.

ஒரு கொறையும் சொல்லணும். பத்தாவது வாரம் குவிஸ் நடுவுல காலேஜ் சிஸ்டமே நின்னுருச்சு, 22 கேள்வி முடிச்சிருந்தேன், எல்லாம் போச்சு. மெயில் போட்டு அஞ்சு நாள் கழிச்சுத்தான் பதில், திரும்ப எழுத விட்டாங்க. அதே வாரம்தான் பேக்கப் பாடம்.

கடைசி அசைன்மென்ட் சொந்தமா ஒரு டேட்டாபேஸ் டிசைன் பண்ணணும், குறைஞ்சது மூணு டேபிள். எல்லாரும் கடை, கிளினிக், லைப்ரரின்னு எடுத்தாங்க. நான் எங்க பழைய தோட்டத்து பால் கணக்க எடுத்தேன். ஆளுங்க ஒரு டேபிள், காடு ஒரு டேபிள், அன்னாட பால் ஒரு டேபிள், அதுல ஆளோட நம்பரும் காட்டோட நம்பரும் ஃபாரின் கீ, அதாவது மத்த ரெண்டு டேபிளோட சேத்து வைக்கிற கீ. மாதிரிக்கு பத்து வரி நெரப்பணும். முதல் வரியில மாரியாயின்னு, அம்மா எப்படிச் சொல்லுவாங்களோ அப்படியே போட்டேன்.

அம்மா பக்கத்துல உக்காந்து வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஸ்க்ரீனத் திருப்பிக் காட்டி, இங்க பாரும்மா இதுதான் உன் வரி, செக்ரோல் நம்பர் 47ன்னேன். எனக்கு சின்ன வயசு ஞாபகம் அப்படித்தான்.

"47 உங்க சின்னம்மாது தாயி. எனக்கு 74."

"நல்லா தெரியுமாம்மா?"

"இருவத்தாறு வருஷம் அந்த நம்பரக் கூப்பிட்டு நான் கைய தூக்கியிருக்கேன், தெரியாதா?"

மாத்துனேன். சின்னம்மாவுக்கு ரெண்டாவது வரி. மத்த எட்டு வரிக்கும் அம்மாவே பேரும் நம்பரும் சொன்னாங்க, மூணு முனியம்மாவுக்கும் சேத்து, நான் தட்டிக்கிட்டே வந்தேன். அதான் அப்லோட் பண்ண 11.40 ஆயிருச்சு.