சோளத்துக்கு ஒரு மீன்: நவம்பர் நாட்குறிப்பு

2024 நவம்பர் 11, திங்கள்

மகளுக்கு நாலரை வயது, தம்பிக்கு இரண்டரை. சாப்பாட்டு மேசைதான் எங்கள் பள்ளிக்கூடம். மாசசூசெட்ஸில் ஆறு வயதிலிருந்துதான் படிப்பு கட்டாயம். அதனால் இப்போதைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அமெரிக்கர்கள் வான்கோழி விருந்து வைக்கும் நன்றித் திருநாளான தேங்க்ஸ்கிவிங் 28-ஆம் தேதி வருகிறது. முதல் வேலையாக உள்ளங்கை வான்கோழி செய்தோம். கட்டைவிரல் தலை, மற்ற நாலு விரலும் இறகு. பெயின்ட் தடவும்போது தம்பிக்குக் கூச்சம் தாங்கவில்லை, கையை மூடிக்கொண்டான். அவனுடைய வான்கோழி ஒரு பழுப்பு உருண்டை. இரண்டு தாளிலும் தேதி எழுதி எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த நவம்பரில் கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஒட்டிவைத்துப் பார்க்கலாம்.

காகித இறகுக் கிரீடம் மட்டும் செய்யப் போவதில்லை. அந்த நீள இறகுத் தொப்பி மேற்கே சமவெளியில் வாழ்ந்த மக்களுடையது. இந்தப் பண்டிகைக்கு மூலமாகச் சொல்லும் 1621 விருந்தில், இங்கிலாந்திலிருந்து வந்து பிளிமத்தில் குடியேறியவர்களோடு இருந்தவர்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள். அவர்கள் இன்றும் இதே மாநிலத்தில் மேஷ்பியிலும் அக்வின்னாவிலும் வாழ்கிறார்கள், அவர்களுக்கும் இந்த வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நவம்பர் 13, புதன்

கிரான்பெர்ரி நாள். இந்தப் புளிப்புச் சிவப்புப் பழத்தை ஒரு பை வாங்கி வந்து பேசின் தண்ணீரில் கொட்டினோம். எல்லாம் மிதந்தன. ஏன் மூழ்கவில்லை என்று கேட்டேன். "நீச்சல் தெரியும்" என்றாள். ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். உள்ளே நாலு குட்டி அறைகள், அவற்றுக்குள் காற்று. "நாலு ரூம் இருக்கும்மா!" என்று கத்தினாள். இந்தக் காற்றை நம்பித்தான் இங்கே தென்கிழக்குப் பக்கத் தோட்டங்களில் தண்ணீரைக் கட்டி, பழத்தை மிதக்க விட்டு அள்ளுகிறார்கள்.

அப்புறம் துள்ளல் சோதனை. நல்ல பழம் தரையில் பட்டுத் துள்ளும், அழுகியது பொத்தென்று விழும். இரண்டு கிண்ணம் வைத்து அவளே பிரித்தாள். ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. எண்ணுவது, பிரிப்பது, காரணம் யோசிப்பது எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. முழுப் பழம் தொண்டையில் சிக்கும் என்பதால் தம்பிக்கு நாலாக நறுக்கிக் கொடுத்தேன். புளிப்பில் முகத்தைச் சுளித்தான், மறுபடியும் கை நீட்டினான்.

நவம்பர் 16, சனி

பிளிமத் போய் வந்தோம். குடியேறியவர்கள் வந்து இறங்கியதாகச் சொல்லப்படும், 1620 என்று பொறித்த அந்தப் பாறை இவ்வளவு சிறியதா என்று மகளுக்கு ஏமாற்றம். பிளிமத் பட்டக்செட் அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பிடித்தது மரப்பட்டை வேய்ந்த வாம்பனோவாக் வீடு. அவர்கள் சொல்லும் பெயர் எங்கள் காதில் கிட்டத்தட்ட 'வீட்டு' என்றே விழுந்தது. "நம்ம வீட்டு மாதிரியா?" என்று கேட்டாள். மரத்துக்குள் தீ வைத்துக் குடைந்து ஓடம் செய்வதை விட்டு நகரவே மாட்டேன் என்றாள்.

காரில் வரும்போது டிஸ்குவான்டம் கதையைச் சொன்னேன், அவள் வயதுக்கு ஏற்ற அளவில். அவர் பட்டக்செட் ஊர்க்காரர். 1614-ல் கடத்திக்கொண்டு போனார்கள். 1619-ல் திரும்பி வந்தபோது ஊரில் ஒருவர்கூட இல்லை, நோயில் போய்விட்டார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில், இன்றைய பிளிமத்தில், இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் குடியேறினார்கள். 102 பேரில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு மீனை உரமாகப் புதைத்து மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

'செத்துப்போனார்கள்' என்ற சொல்லைச் சொல்லலாமா என்று யோசித்துத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்த மாமாவுக்கு யாரு தேங்க்ஸ் சொன்னாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. இரவு கணவரிடம் சொன்னேன். அவருக்கும் வரவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஜாடியில் க்ரீமை ஊற்றிக் குலுக்கி வெண்ணெய் எடுத்தோம். கை வலித்தாலும் மாறி மாறிக் குலுக்கினார்கள். 1621 விருந்தில் வெண்ணெய் இருந்திருக்காது, பிளிமத்துக்கு மாடுகள் வந்ததே 1624-ல். இருந்தாலும் சுடு ரொட்டிக்கு நன்றாக இருந்தது.

நவம்பர் 20, புதன்

பச்சைக் களிமண்ணில் 'மூன்று சகோதரிகள்' தோட்டம்: வாம்பனோவாக் மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக நடும் முறை. சோளத்தண்டில் பீன்ஸ் ஏறும், பீன்ஸ் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். வீடியோவில் அம்மாயி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இதென்ன கண்ணு புதுசு? நம்ம சோளக்காட்டுல தட்டப்பயிறும் மொச்சையும் ஊடுபயிரா போடறதுதானே" என்றார். பேத்திக்கு ஒரே பெருமை. இனி அவளுக்கு அம்மாயியும் வாம்பனோவாக் பாட்டியும் ஒரே கட்சி.

நவம்பர் 23, சனி

சிவப்பும் நீலமுமாக இருக்கும் அலங்காரச் சோளக்கதிர் ஒன்று வாங்கினோம். இடுக்கியால் முத்து பிடுங்குவது விரலுக்கு நல்ல வேலை. தம்பி ஒரு முத்தை மூக்கில் வைத்துக்கொண்டான். நல்லவேளை, தும்மலிலேயே வந்துவிட்டது. உயிர் போய் வந்தது எனக்கு. முத்து எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிட்டு, அவனிடம் முழுக் கதிரைக் கொடுத்துப் பெயின்டில் உருட்டச் சொன்னேன். ஐந்து முத்தை மட்டும் ஈரத்தாளில் சுற்றிப் பையில் போட்டு, ஜன்னலில் ஒட்டி வைத்தாள்.

நவம்பர் 26, செவ்வாய்

நன்றி மரம். காய்ந்த கிளையை ஜாடியில் நட்டு, அவள் சொல்லச் சொல்லக் காகித இலையில் எழுதித் தொங்கவிட்டேன். அம்மாயி, குப்பை லாரி, கிரான்பெர்ரியின் நாலு ரூம், பல் துலக்காத நாள். எதையும் நான் திருத்தவில்லை. கடைசி இலையில் அவளே வரைந்தாள்: ஒரு கோடு, அதன்மேல் வட்டம், பக்கத்தில் மீன். "அந்த மாமா" என்றாள்.

நவம்பர் 28, வியாழன்

1621 விருந்துக்கு வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட் 90 பேரோடு வந்து மூன்று நாள் தங்கினார், அவர்கள் ஐந்து மான் கொண்டுவந்தார்கள் என்று காலையில் சொன்னேன். "அப்போ அவங்கதான் சாப்பாடு போட்டாங்களா?" என்றாள். "அவங்களும்தான்" என்றேன்.

வான்கோழி நாங்கள் வைக்கவில்லை. மீன் குழம்பு, சோறு, பூசணிக்காய்ப் பொரியல், வெல்லம் போட்ட கிரான்பெர்ரித் தொக்கு. பரிமாறும்போது ஜன்னல் பக்கமிருந்து மகளின் சத்தம். மூன்று முத்துகளில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்திருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் தட்டில் மிச்சம் வைத்த மீன் துண்டை என்னிடம் நீட்டினாள்.

"கழுவிக் குடும்மா. சோளத்துக்குக் காரம் ஆகாது."