பைட்கோட் இன்டர்பிரெட்டரில் எந்தச் சோதனையை எங்கே வைப்பது

ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பானுக்குள் ஒரு லிஸ்ப் மொழி இயங்குகிறது. அந்த மொழியில் எழுதிய நிரல்களைக் கம்பைலர் பைட்கோடாக, அதாவது எண்களால் குறிக்கப்பட்ட சிறு ஆணைகளின் வரிசையாக, மாற்றித் தருகிறது. சி மொழியில் எழுதப்பட்ட ஓர் இன்டர்பிரெட்டர் அந்தப் பைட்கோடை ஆணை ஆணையாக எடுத்து நிறைவேற்றுகிறது. அந்த இன்டர்பிரெட்டர் ஏறக்குறைய முழுவதும் ஒரே மூலக் கோப்பில் அடங்கிவிடுகிறது. என்னுடைய ஈமேக்ஸ் நகலில் அந்தக் கோப்புக்குச் சில இயக்கநேரச் சோதனைகளையும் பிழைதேடும் வசதிகளையும் சேர்த்து வருகிறேன். எந்தச் சோதனையை எங்கே வைப்பது என்று அப்போது எழுந்த கேள்விகளுக்கு நான் கண்ட விடைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த இன்டர்பிரெட்டர் ஓர் அடுக்கை, அதாவது கடைசியாக வைத்ததே முதலில் எடுக்கப்படும் மதிப்புத் தொகுப்பை, நம்பி இயங்குவது. ஒவ்வொரு ஆணையும் அடுக்கின் உச்சியிலிருந்து மதிப்புகளை எடுத்துக்கொண்டு, விடையை உச்சியிலேயே வைக்கிறது. ஆணை எண் 192 முதல் 255 வரையுள்ள 64 ஆணைகளும் மாறிலி வெக்டரின் (நிரல் பயன்படுத்தும் மாறா மதிப்புகளின் வரிசை) முதல் 64 உறுப்புகளை நேரடியாக அடுக்கில் ஏற்றுவதற்காக ஒதுக்கப்பட்டவை. 135 என்பது மதிப்பைத் திருப்பித் தரும் ஆணை. 136 உச்சியில் இருப்பதை நீக்குவது. 137 உச்சியைப் படியெடுப்பது. ஒவ்வொரு பைட்கோட் பொருளும் தனக்கு அதிகபட்சம் எவ்வளவு அடுக்கு ஆழம் தேவை என்பதையும் உடன் கொண்டுவருகிறது. அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தருவது கம்பைலர்; இன்டர்பிரெட்டர் அதை அப்படியே நம்புகிறது.

சோதனைகளைப் பற்றிய என் முடிவுகள் எல்லாம் இந்த நம்பிக்கையிலிருந்தே தொடங்குகின்றன. இன்டர்பிரெட்டர் சந்திக்கும் தவறுகள் இரண்டு இனத்தவை. முதலாவது, லிஸ்ப் எழுதியவரின் தவறு: பட்டியல் அல்லாத ஒன்றின் தலையைக் கேட்பது, குறைவான உள்ளீடுகளுடன் ஒரு செயற்கூற்றை அழைப்பது, முடிவில்லாமல் தன்னையே அழைத்துக்கொண்டு போவது. இவை எந்நேரமும் நிகழலாம் என்பதால் இவற்றுக்கான சோதனைகள் எந்நேரமும் இயங்க வேண்டும். தவறு கண்டால் லிஸ்ப்பிலேயே பிடித்துக் கையாளக்கூடிய பிழையாக அதை எழுப்ப வேண்டும். இரண்டாவது, கம்பைலர் கொடுத்த வாக்கு பொய்த்துப்போவது: அடுக்கு அடித்தளத்துக்குக் கீழே இறங்குவது, தாவல் ஆணை பைட்கோடின் எல்லைக்கு வெளியே குதிப்பது, இல்லாத மாறிலியைக் கேட்பது. இங்கே லிஸ்ப் பிழையை எழுப்புவது தீங்கானது என்றே கருதுகிறேன். பிழையைப் பிடிக்கும் நிரலும் அதே பழுதடைந்த அடுக்கின் மேல்தான் ஓடப்போகிறது; அது பிழையை விழுங்கிவிட்டு மேலே நடந்தால் தவறின் தடயமே அழிந்துவிடும். அந்த இடத்திலேயே நிறுத்துவதுதான் சரி.

ஈமேக்ஸின் மூலநிரலில் இந்தப் பிரிவினையைப் பெரும்பாலும் காணலாம். 29ஆம் பதிப்பு முதல் பைட்கோடுக்கென்று 512 × 1024 லிஸ்ப் மதிப்புகள் கொள்ளும் தனி அடுக்கு இருக்கிறது. 64 பிட் கணினியில் அது 4 மெகாபைட். அது நிரம்பினால் சாதாரண லிஸ்ப் பிழைதான் எழும், ஏனென்றால் அது நிரம்புவதற்குக் காரணம் பயனரின் நிரல். உள்ளீடுகளின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதும் அவ்வாறே. ஓர் இடம் மட்டும் இந்தக் கோட்டில் நிற்கவில்லை. செயற்கூறு முடியும்போது மாறிப் பிணைப்புகளின் (மாறிகளுக்குத் தற்காலிகமாகக் கொடுத்த மதிப்புகளின்) அடுக்கு தொடங்கிய உயரத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று இன்டர்பிரெட்டர் எப்போதும் பார்க்கிறது. திரும்பாவிட்டால், இது கம்பைலரின் கடுமையான பிழை என்று சொல்லும் லிஸ்ப் பிழையை எழுப்புகிறது. அதற்கு முன் மிச்சமிருக்கும் பிணைப்புகளை அவிழ்த்துச் சரிசெய்துவிட முடிகிறது என்பதால் அதை ஏற்கலாம். மதிப்புகளின் அடுக்கு பழுதானால் அப்படிச் சரிசெய்ய வழியில்லை.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. 192, 136, 136, 135 என்ற நான்கு பைட்டுகளைக் கொண்டு, உள்ளீடு எதுவும் இல்லாத ஒரு செயற்கூற்றைக் கையால் உருவாக்குவதாகக் கொள்வோம். ஒரு மாறிலி ஏறுகிறது, நீக்கப்படுகிறது, இல்லாத ஒன்று மறுபடி நீக்கப்படுகிறது, பிறகு உச்சியில் இருப்பதாக நம்பப்படும் ஒன்று திருப்பித் தரப்படுகிறது. திருப்பித் தரப்படுவது லிஸ்ப் பொருளே அல்லாத ஏதோ ஒரு பிட்டுக் கோவையாகவும் இருக்கலாம். அது ஒரு பட்டியலில் போய் அமர்ந்து, வெகு நேரம் கழித்துக் குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் பகுதி) அதைத் தொடும்போதுதான் ஈமேக்ஸ் விழும். அந்நேரத்தில் குற்றவாளியான செயற்கூறு முடிந்து போயிருக்கும். பைட்கோட் பொருளின் உறுப்புகளைத் தாமாக அமைக்க முயல வேண்டாம், அவை ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் ஈமேக்ஸ் நொறுங்கக்கூடும் என்று லிஸ்ப் கையேடு எச்சரிப்பது இதனால்தான்.

கம்பைலரைச் சரிபார்ப்பவர்களுக்காக அந்தக் கோப்பில் 'பைட் கோட் சேஃப்' என்ற மேக்ரோ (தொகுக்கும்போது இயக்கவோ அணைக்கவோ கூடிய அமைப்பு) ஏற்கெனவே இருக்கிறது. அதை இயக்கித் தொகுத்தால் அடுக்கின் உச்சி, தாவல் இலக்கு, மாறிலி எண் ஆகியவை எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடும். நல்ல தொடக்கம் இது. ஆனால் இரண்டு குறைகள் எனக்குப் பட்டன. இயல்பாக, ஜிசிசி என்னும் சி மொழிக் கம்பைலரின் கணக்கிட்டுத் தாவும் வசதியைக் கொண்டு ஒவ்வோர் ஆணையும் அடுத்த ஆணைக்கு நேரே தாவுகிறது; இந்த மேக்ரோவை இயக்கினால் அந்த வசதி அணைந்து, சி மொழியின் ஒற்றை ஸ்விட்ச் கட்டமைப்புக்கு எல்லாம் திரும்பிவிடுகிறது. ஆக, சோதிக்கப்படும் இன்டர்பிரெட்டரும் பயனர்களிடம் ஓடும் இன்டர்பிரெட்டரும் ஒன்றல்ல. அடுத்து, அடுக்கின் உச்சி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில்தான் பார்க்கப்படுகிறது. எல்லையை மீறிய ஆணை அதற்குள் நிறைவேறியிருக்கும். நிறுத்தப்பட்ட இடத்தில் நமக்குத் தெரிவது அடுத்த ஆணை மட்டுமே.

இதற்காக நான் சேர்த்தவற்றுள் மிகவும் பயன்பட்டது ஒரு வட்டப் பதிவேடு. கடைசியாக நிறைவேறிய 256 ஆணைகளை அது நினைவில் வைத்திருக்கிறது: ஆணை எண், அந்த நேரத்து அடுக்கு ஆழம், எந்தப் பைட்கோட் பொருள், அதற்குள் எத்தனையாவது பைட். முகவரியாக அல்லாமல் தொடக்கத்திலிருந்து கணக்கிட்ட தொலைவாகவே பைட்டின் இடத்தைச் சேமிக்கிறேன். ஈமேக்ஸில் உள்ள டிஸ்அசெம்பிள் கட்டளை காட்டும் எண்ணும் அதுவே என்பதால் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கலாம். பதிவேட்டில் உள்ள பைட்கோட் பொருள்களைக் குப்பை சேகரிப்பான் விடுவித்துவிடாதபடி அவற்றையும் வேர்களாக, அதாவது விடுவிக்கக் கூடாதவையாக, அறிவிக்க வேண்டும். இல்லையென்றால் பிழையைத் தேட வைத்த கருவியே புதிய பிழைக்கு இடமாகிவிடும். பிழையைப் பிடிக்கும் இடத்துக்குத் திடீரென்று தாவி வரும்போது அடுக்கு ஆழம் பல படிகள் இறங்குவது இயல்பு. அதற்குத் தனிக் குறியீடு ஒன்றைப் பதிவேட்டில் எழுதுகிறேன், படிப்பவர் அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக.

ஆயினும் அடுக்கு ஆழத்தைப் பொறுத்தவரை சோதனைக்கு உகந்த இடம் இயக்கநேரம் அல்ல, பைட்கோட் உள்ளே ஏற்றப்படும் நேரம்தான் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வோர் ஆணையும் எத்தனை மதிப்புகளை எடுக்கும், எத்தனை வைக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. முதல் ஆணையிலிருந்து தொடங்கி, மதிப்புகள் இன்றி ஆழத்தை மட்டும் கணக்கிட்டுக்கொண்டே எல்லாப் பாதைகளிலும் சென்றால், ஒரே இடத்துக்கு இரு வழியாக வரும்போது ஆழங்கள் ஒத்திருக்கின்றனவா, பொருள் அறிவித்த உச்ச ஆழத்தை மீறுகிறதா என்பவை ஒரே நடையில் தெரிந்துவிடும். ஜாவாவின் சரிபார்ப்பி செய்வதில் ஒரு பகுதி இது. ஈமேக்ஸின் கம்பைலரும் பைட்கோடை ஆக்கும்போது இதே ஆழப் பொருத்தத்தைப் பார்த்து, பொருந்தாவிட்டால் தன்னுடைய பிழை என்றே அறிவிக்கிறது. ஆனால் கோப்பில் எழுதப்பட்ட பிறகு அந்த அறிவு பைட்கோடுடன் வருவதில்லை.

இந்த நடையில் கவனம் வேண்டிய இடங்கள் சில உண்டு. 'நில் என்றால் தாவு, இல்லையேல் நீக்கு' என்ற ஆணைக்கு ('நில்' என்பது லிஸ்ப்பில் பொய்யைக் குறிக்கும் மதிப்பு) தாவும் கிளையில் ஓர் ஆழம், தாவாத கிளையில் அதற்கு ஒன்று குறைந்த ஆழம். பிழையைப் பிடிக்கும் இலக்கில் பிழையின் மதிப்பு ஏறியிருப்பதால் ஒன்று கூடுதல். 26ஆம் பதிப்பில் வந்த ஸ்விட்ச் ஆணைதான் கடினமானது: அதன் தாவல் இலக்குகள் பைட்டுகளில் இல்லை, மாறிலி வெக்டரில் இருக்கும் ஒரு ஹாஷ் அட்டவணையில் இருக்கின்றன. அட்டவணையை ஏற்றும் ஆணை ஸ்விட்ச் ஆணைக்கு நேர் முன்னால் வந்தால் மட்டுமே என் சரிபார்ப்பி அதை ஏற்கிறது. வேறு வடிவத்தை நிராகரிக்கிறது.

லிஸ்ப் எழுதுபவரின் பக்கத்திலும் ஒரு வசதி அவசியம். பட்டியலின் தலையை எடுக்கும் 'கார்' போன்றவற்றுக்குத் தனி ஆணைகள் இருப்பதால் அவை செயற்கூறு அழைப்பாக நிகழ்வதில்லை. எனவே அவற்றில் எழுந்த பிழையின் அழைப்புத் தடத்தில் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற பட்டியலில்) அவற்றின் பெயரே வராது, சுற்றியிருக்கும் பெரிய செயற்கூற்றின் பெயர்தான் வரும். அண்மைப் பதிப்புகளின் மூலநிரலில் இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. உள்ளீடு தவறு என்று உறுதியான பிறகுதான், பிழையை எழுப்பும் முன், 'கார்' என்ற பெயரும் அந்த உள்ளீடும் தடத்தில் எழுதப்படுகின்றன. சரியாக ஓடும் பாதையில் ஒரு கூடுதல் ஆணைகூட இல்லை. நான் சேர்க்கும் எந்த எந்நேரச் சோதனைக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன்.

இவற்றைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் நேட்டிவ் கம்பைலேஷனை அணைத்துவிட்டு ஈமேக்ஸைத் தொகுக்க வேண்டும். 28ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் அந்த வசதி இயங்கினால் பல செயற்கூறுகள் இயந்திர மொழியிலேயே ஓடிவிடும். இன்டர்பிரெட்டரை எட்டவே எட்டா. உகப்பாக்கம் இல்லாமல் தொகுத்து ஜிடிபி என்னும் பிழைதேடும் கருவியில் ஓட்டினால், மூலக் கோப்புறையில் ஈமேக்ஸுடன் வரும் ஜிடிபி அமைப்புக் கோப்பு 'எக்ஸ்பேக்டிரேஸ்' என்ற கட்டளையைத் தருகிறது. நின்ற இடத்தின் லிஸ்ப் அழைப்புத் தடத்தை அது காட்டும். அதன் அருகிலேயே வட்டப் பதிவேட்டை அச்சிடும் ஒரு கட்டளையையும் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.