மாமன்றக் கூட்டத்தில் பார்வையாளராக

பொது நிர்வாகம் படிக்கும் எங்களுக்கு நகர உள்ளாட்சி என்பது பாடத்தில் சில வரிகள்தான். 1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கான 18 பணிகள். தேர்வுக்கு அது போதும். அந்தப் பணிகளுக்கான முடிவை யார், எப்படி எடுக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் மாநகராட்சியின் மன்றக் கூட்டத்துக்குப் போனேன்.

அனுமதி வாங்குவது பெரிய வேலையாக இல்லை. துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஆணையருக்கு ஒரு கடிதம், கூடவே கல்லூரி அடையாள அட்டையின் நகல். மன்றப் பிரிவில் கொடுத்தேன். கூட்டத்துக்கு முந்தின நாள் வரச் சொன்னார்கள். அப்போதே அஜெண்டாவை, அதாவது கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும் பொருள்களின் பட்டியலை, கேட்டு வாங்கிவிட்டேன். நீங்களும் போவதாக இருந்தால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைப் படிக்காமல் உள்ளே போனால் காதில் விழுவது வெறும் சத்தம்தான்.

ஒவ்வொரு பொருளும் அநேகமாக ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது: எந்த வார்டு, என்ன வேலை, மதிப்பீடு எவ்வளவு, எந்த நிதி. நான் கவனிக்கக் கற்றுக்கொண்டது கடைசி வரியை. 'மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது' என்று முடிந்தால், அந்த வேலைக்கு மன்றம் இனிமேல்தான் ஒப்புதல் தர வேண்டும். 'பார்வைக்கு வைக்கப்படுகிறது' என்றால் தகவலுக்காக. 'பின்னேற்பு' என்று இருந்தால், அவசரம் கருதி முன்பே நடவடிக்கை எடுத்துவிட்டார்கள், ஒப்புதலை இப்போது கேட்கிறார்கள் என்று பொருள். அன்றிரவு பென்சிலால் மூன்று வகையையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டேன். பின்னேற்புப் பொருள்களில்தான் கேள்வி அதிகம் எழ வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பார்வையாளர் இருக்கை பின்னால் இருந்தது. பேசக் கூடாது, கைதட்டக் கூடாது, போனை அணைத்து வைக்க வேண்டும். திருக்குறள் வாசித்துக் கூட்டம் தொடங்கியது. மேயருக்குப் பக்கத்தில் ஆணையர். எதிரே உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் பெண்கள். தமிழ்நாட்டு நகர உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு என்று படித்திருக்கிறேன். படித்தது கண் முன்னால் உட்கார்ந்திருந்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் குப்பை வண்டி வராதது, எரியாத தெருவிளக்கு, குடிநீரில் கலக்கும் சாக்கடை. ஆளும் தரப்பு, எதிர்த் தரப்பு இரண்டுமே கோபமாகப் பேசின. ஒரு கட்டத்தில் சிலர் வெளிநடப்பும் செய்தார்கள். மறுநாள் செய்தியானது அதுதான்.

எனக்கு முக்கியமாகத் தோன்றியது அதற்குப் பிறகு நடந்தது. பொருள்களை எண் சொல்லி வரிசையாக நிறைவேற்றிக்கொண்டு போனார்கள். மழைநீர் வடிகால் பொருள் ஒன்று வந்ததும் ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "மேயர் அவர்களே, இந்த வடிகால் எங்க தெரு முனையோட நின்னுடுது. அங்கிருந்து தண்ணி எங்க போகும்?" என்று கேட்டார். பொறியாளர் வரைபடத்தைப் புரட்டினார். அடுத்த கட்டப் பணியில் பெரிய கால்வாயோடு இணைக்கப்படும் என்றார். "அந்த அடுத்த கட்டம் இந்த அஜெண்டாவுல இருக்கா?" இல்லை. மேயர் ஆணையரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிவிட்டு, அந்தப் பொருளை ஒத்திவைத்தார். எல்லாம் சில நிமிடங்கள்தான். அந்த உறுப்பினரின் கையில் இருந்த அஜெண்டாவிலும் ஓரமெல்லாம் பேனாக் குறிப்புகள்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள்: மன்றக் கூட்டத்தில் நாம் பார்க்கலாம், பேச முடியாது. நம் தெருப் பிரச்சினையைப் பேசுவதற்குப் பகுதி சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று அந்தக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கின. வார்டு உறுப்பினரே தலைமை வகிப்பார், அந்தப் பகுதி வாக்காளர்கள் பேசலாம். எங்கள் வார்டில் அடுத்த பகுதி சபை எப்போது என்று மன்றப் பிரிவிலேயே கேட்டு வைத்திருக்கிறேன். ஒத்திவைத்த அந்த வடிகால் அடுத்த மன்றக் கூட்டத்தில் எப்படித் திரும்பி வருகிறது என்றும் பார்க்க வேண்டும். அதற்கான அனுமதிக் கடிதத்தைக் கொடுத்தாகிவிட்டது.