காரூவில் ஒரு வேலிச் சத்தம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த எனக்கு, வட கேப் மாகாணத்தின் காரூ வறள்நிலம் வேறொரு நாடு போலவே இருந்தது. அங்கே, கார்னார்வன் என்ற சிற்றூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் விட்டமுள்ள 64 தட்டுகளைக் கொண்ட மீர்காட் வானொலித் தொலைநோக்கி 2018 ஜூலையில் திறக்கப்பட்டது. விண்ணிலிருந்து வரும் மிக நலிந்த அலைகளைப் பிடிக்க வேண்டியிருப்பதால், 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்தச் சுற்றுவட்டாரத்தின் வானொலி அமைதியைக் காக்கிறது. அப்பகுதியில் வானொலி இரைச்சலை, அதாவது தொலைநோக்கிக்கு இடையூறான அலைகளை, அளக்கும் ஒப்பந்தப் பணிக்காக நான் சென்றிருந்தேன்.

ஒரு நாள் கருவியின் திரையில், நொடிக்கு ஒருமுறை என்ற கணக்கில், ஒரு கோடு எழுந்து எழுந்து அடங்கியது. வண்டியின் பேட்டரி, கணினி, கேபிள் என்று இரண்டு நாட்கள் எங்கள் சாமான்களையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் காலையில், எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த உள்ளூர் இளைஞர் தயங்கியபடி, “ஊம், அது வேலி” என்றார். (ஆப்பிரிகான்ஸ் பேசுவோர் பெரியவர்களை ‘ஊம்’, அதாவது மாமா, என்று அழைப்பார்கள்.) குள்ளநரிகளிடமிருந்து ஆடுகளைக் காக்கப் போட்ட மின்வேலியில், கம்பியின் மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமல் தடுக்கும் காப்பான் ஒன்று விரிசல் விட்டிருந்தால், ஒவ்வொரு மின்துடிப்புக்கும் கம்பியிலிருந்து கம்பத்துக்குப் பொறி தாவும், அந்தப் பொறி ஏராளமான அலைவரிசைகளில் இரைச்சலைக் கிளப்பும். பண்ணைத் தொழிலாளியின் மகனான அவர் அந்த ‘டக், டக்’ சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்.

முதல் நாளே அவருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் நடந்த எங்கள் கூட்டத்தில் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம். தொலைதூர ஊருக்கு உயர்தொழில்நுட்பத்தைக் கொண்டுபோவது என்றால் கண்ணாடியிழைக் கேபிளும் நகரத்து நிபுணர்களும் போய்ச் சேர்வது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் தரவு கேபிள் வழியே கேப் டவுனுக்குப் போய்விடுகிறது. பயிற்சி முடித்த பிள்ளைகளும் அதே திசையில் போய்விட்டால், ஊரில் மிஞ்சுவது தட்டுகள் மட்டுமே. உள்ளூர்க்காரர் அறிந்ததை அறிவாக மதித்து, அவருக்கு அங்கேயே நிலையான வேலை தந்தால்தான் அந்த ஏற்பாட்டைப் புத்தாக்க வலைப்பின்னல், அதாவது பலரும் அறிவைப் பகிர்ந்து புதியதை உருவாக்கும் பிணைப்பு, என்று சொல்ல முடியும்.

அன்றே பண்ணைக்குப் போனோம். நான் பேசியபோது வாசலிலேயே நின்று கேட்ட பண்ணையார், இளைஞர் ஆப்பிரிகான்ஸில் விளக்கியதும் தாமே முன்னால் நடந்து வேலியைக் காட்டினார். விரிசல் விட்ட காப்பானை மாற்றினோம், திரை அடங்கியது. அடுத்துப் பார்க்க வேண்டிய பண்ணைகளின் வரிசையை அன்று மாலை அந்த இளைஞரே எழுதினார். நான் வண்டியை ஓட்டினேன்.